கையில் 70,000 வெள்ளி: பாடாங் செராயில் பழைய வீடா, புது வீடா, செம்பனை நிலமா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டை 1996-ல் திறக்கப்பட்ட காலத்திலிருந்தே பாடாங் செராய், லூனாஸ் பக்கம் ஒரு பேச்சு ஓயவில்லை. "ஒரு வீடு வாங்கிப் போடு, தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு வாடகைக்கு விடு, வாடகையே தவணையைக் கட்டிவிடும்." 2024 ஆகஸ்ட்டில் மின்னணுச் சில்லு தயாரிக்கும் இன்ஃபினியோன் நிறுவனம் தன் புதிய ஆலையைக் கூலிமில் திறந்த பிறகு இந்தப் பேச்சுக்கு இன்னும் வலு வந்துவிட்டது. என் அக்கா மகனும் அதை நம்பித்தான் கேட்டான். வயது முப்பத்து நான்கு. லூனாஸில் குடியிருக்கும் வீடு ஏற்கெனவே இருக்கிறது. சேர்த்து வைத்தது 70,000 வெள்ளி. "மாமா, இதை எதில் போடுவது?"

அவனுக்காகப் போட்டுப் பார்த்த கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். விலையும் வாடகையும் இந்தப் பக்கம் கேட்கப்படும் அளவை ஒட்டி நானாக முழு எண்ணாக எடுத்துக்கொண்டவை. உங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், எண் வேறாக இருக்கும். சூத்திரத்தில் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவன் முன்னால் இருந்தவை இவை. பாடாங் செராய் டவுனை ஒட்டிய பழைய ஒரு மாடி வரிசை வீடு, விலை 180,000, மாத வாடகை 750. கூலிம் பக்கம் புதிதாக வரும் தாமானில் இரண்டு மாடி வீடு, விலை 400,000, வாடகை 1,300. இரண்டு ஏக்கர் செம்பனை நிலம், 150,000. எதுவும் வேண்டாம் என்றால் ஊழியர் சேமநிதியில் கூடுதலாகப் போடலாம். பழைய வீட்டையே ஏலத்தில் எடுக்கும் வழியும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு விதியை ஒதுக்கிவிடலாம். மாத வாடகை விலையில் ஒரு சதவீதம் இருக்க வேண்டும் என்பார்கள். அப்படிப் பார்த்தால் 180,000 வெள்ளி வீட்டுக்கு 1,800 வாடகை வர வேண்டும். பாடாங் செராயில் அந்த வாடகையை யார் தருவார்? வாடகையில் பாதி செலவுக்குப் போகும் என்ற இன்னொரு விதியும் அங்கிருந்துதான் வந்தது. அங்கே பல மாநிலங்களில் வீட்டு வரி கடுமை. இங்கே தரை வீட்டுக்கு மதிப்பீட்டு வரியும் நிலவரியும் சேர்ந்தாலும் வருடத்துக்குச் சில நூறு வெள்ளிதான். ஆகவே அந்த இரண்டு விதியையும் இங்கே அப்படியே பொருத்த முடியாது. முதல் விதியை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். விலையில் ஒவ்வொரு லட்சத்துக்கும் எவ்வளவு வாடகை வருகிறது? பழைய வீட்டில் 417 வெள்ளி, புது வீட்டில் 325. அரை நிமிடக் கணக்குதான், ஆனால் எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்று காட்டிவிடும்.

ஏஜென்ட் சொல்லும் சதவீதம் பெரும்பாலும் மொத்த வருமானம்தான். பன்னிரண்டு மாத வாடகையை விலையால் வகுப்பார். பழைய வீடு 5 சதவீதம், புது வீடு 3.9. அந்த எண்ணில் காலி மாதம் இல்லை, வக்கீல் இல்லை, ஒழுகும் கூரை இல்லை. நமக்கு வேண்டியது நிகர வருமானம்: பதினொரு மாத வாடகையிலிருந்து வருடச் செலவைக் கழித்து, வீட்டுக்காக மொத்தம் இறங்கிய காசால் வகுக்க வேண்டும்.

பழைய வீட்டுக்கு இதைப் போடுவோம். பெயர் மாற்ற முத்திரை வரி முதல் லட்சத்துக்கு 1 சதவீதம், அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 2 சதவீதம். ஆகவே 2,600. கடன் 90 சதவீதம், அதாவது 162,000. கடன் பத்திரத்துக்கு முத்திரை 0.5 சதவீதம், 810. வக்கீல் கட்டணம் 2023 ஜூலையிலிருந்து முதல் ஐந்து லட்சத்துக்கு 1.25 சதவீதம். வாங்கும் பத்திரத்துக்கும் கடன் பத்திரத்துக்கும் சேர்த்து 4,275. சேவை வரி, மதிப்பீட்டாளர் கட்டணம், சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து மொத்தம் 9,200 என்று வைத்துக்கொள்வோம். முதல் வீடு வாங்குபவர்களுக்கு முத்திரை வரிச் சலுகை உண்டு. அவனுக்கு இது இரண்டாவது வீடு என்பதால் நான் அதைச் சேர்க்கவில்லை. பழைய வயரிங், கூரை, பெயின்டுக்கு 15,000. ஆக வீட்டில் இறங்கும் மொத்தத் தொகை 204,200.

பதினொரு மாத வாடகை 8,250. வரிகள், தீ காப்புறுதி, சின்னச் சின்னப் பழுது என்று வருடச் செலவு 1,500. மிச்சம் 6,750. வகுத்தால் 3.3 சதவீதம். ஏஜென்ட் சொன்ன 5, வீட்டுக்கு வந்து சேரும்போது 3.3 ஆகிவிட்டது.

புது வீட்டில் வக்கீல் கட்டணத்தை மேம்பாட்டாளரே ஏற்பது வழக்கம். முத்திரை வரிகள் 8,800. கிரில், சமையலறை, மின்விசிறி, விளக்குக்கு 20,000. நிகர வாடகை, வருடச் செலவு 2,400 போக, 11,900. இறங்கிய தொகை 428,800. வருமானம் 2.8 சதவீதம். கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். தரை வீட்டை ஒப்படைக்கச் சட்டப்படி 24 மாதம். அந்தக் காலத்தில் வங்கி கட்டம் கட்டமாக விடுவிக்கும் தொகைக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், வாடகை ஒரு காசு வராது.

இப்போது எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி. பதினொரு மாத வாடகைக்குள் பன்னிரண்டு மாதத் தவணையும் செலவும் அடங்குமா? இதற்கு ஒரே ஒரு எண்ணை நினைவில் வைத்தால் போதும். முப்பது வருடக் கடன், 4 சதவீத வட்டி என்றால், ஒவ்வொரு லட்சம் கடனுக்கும் மாதத் தவணை 477 வெள்ளி. வட்டி 5 சதவீதமானால் 537. வருடத் தவணையையும் செலவையும் கூட்டி, பன்னிரண்டு மாத வாடகையால் வகுங்கள். விடை 92 சதவீதத்துக்குள் இருந்தால் வருடத்தில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தாலும் கையைக் கடிக்காது. அதற்கு மேல் போனால் சம்பளத்திலிருந்து எடுத்துக் கட்ட வேண்டும்.

பழைய வீடு: தவணை 773, வருடத்துக்கு 9,276. செலவு 1,500. வாடகை 9,000. விடை 120 சதவீதம். ஒரு மாதம் காலி என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 210 வெள்ளி குறையும்.

புது வீடு: தவணை 1,717. விடை 147 சதவீதம். மாதம் 725 வெள்ளி சம்பளத்திலிருந்து போகும். வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்ற பேச்சு இந்த இரண்டு வீட்டிலும் பொய்த்துப்போகிறது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. தவணையில் ஒரு பகுதி அசலைக் குறைக்கிறதே, அது நம் காசுதானே? உண்மை. பழைய வீட்டில் முதல் வருடத்தில் சுமார் 2,850 வெள்ளி அசலுக்குப் போகும். பற்றாக்குறை ஏறக்குறைய 2,530. ஆகவே அது சேமிப்பு மாதிரிதான், பெரிய நஷ்டமில்லை. புது வீட்டில் அசலுக்குப் போவது சுமார் 6,300, பற்றாக்குறை 8,700. இங்கே விலை ஏறித்தான் ஈடுகட்ட வேண்டும். அதற்கும் முன்னால் முத்திரைக்கும் கிரில்லுக்கும் போன 28,800 திரும்பி வரவே விலை 7 சதவீதம் ஏற வேண்டும். ஏறாது என்று நான் சொல்லவில்லை. கூலிமில் வேலைகள் பெருகுகின்றன, ஏறலாம். ஆனால் அது நம்பிக்கை. மாதம் 725 குறைவது நிச்சயம். அவசரப்பட்டு விற்கவும் முடியாது. வாங்கி மூன்று வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 சதவீதம் வரி, நான்காம் வருடம் 20, ஐந்தாம் வருடம் 15. ஆறாம் வருடத்திலிருந்துதான் குடிமக்களுக்கு வரி இல்லை.

மாதப் பற்றாக்குறையை நான் இவ்வளவு கனமாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. நம் குடும்பங்களில் பெரும்பாலும் ஒருவர் சம்பளம், இல்லையென்றால் இரண்டுமே ஒரே தொழிற்சாலைச் சம்பளம். மின்னணுத் தொழிலில் ஆர்டர் குறைந்தால் முதலில் ஓவர்டைம் நிற்கும். வாடகைக்கு இருப்பவரும் அதே தொழிற்சாலையை நம்பித்தான் இருப்பார். சம்பளமும் வாடகையும் ஒரே நேரத்தில் அடிபடும். வங்கி வட்டியும் நிலையாக நிற்பதில்லை. நாட்டின் அடிப்படை வட்டி விகிதம் 2020 ஜூலையில் 1.75 சதவீதமாக இருந்தது, 2023 மே மாதம் 3 ஆகிவிட்டது. 360,000 கடனில் ஒரு சதவீதம் ஏறினால் மாதம் 215 வெள்ளி கூடும்.

சூத்திரத்தைத் தலைகீழாகப் போட்டால்

விலையைச் சொல்லி வருமானம் எவ்வளவு என்று கேட்பதைவிட, வாடகையைச் சொல்லி எவ்வளவு விலை கொடுக்கலாம் என்று கேட்பது பலன் தரும். நிகர வாடகையைப் பன்னிரண்டால் வகுத்து, வந்ததை 477-ஆல் வகுத்தால், எத்தனை லட்சம் கடனை அந்த வீடு தானே சுமக்கும் என்று தெரிந்துவிடும். பழைய வீட்டின் நிகர வாடகை மாதம் 562. அது சுமக்கும் கடன் சுமார் 118,000. தொண்ணூறு சதவீதக் கடன் என்றால் கொடுக்கக்கூடிய விலை 131,000. புது வீடு சுமப்பது 208,000 மட்டும். அதாவது 192,000 முன்பணமாகப் போட்டால்தான் அது தன் காலில் நிற்கும். 70,000 வைத்திருப்பவனுக்கு அது ஆகாது. இந்த இடத்திலேயே புது வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

வயது கூடியவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. வங்கிகள் பொதுவாக எழுபது வயது வரைதான் கடன் தரும். ஐம்பத்தைந்தில் சேமநிதியை எடுத்து வாங்குபவருக்குப் பதினைந்து வருடம்தான் கிடைக்கும். அப்போது லட்சத்துக்குத் தவணை 477 அல்ல, 740. பழைய வீட்டுக்கே மாதம் கிட்டத்தட்ட 1,200 கட்ட வேண்டிவரும், வாடகை 750. ஓய்வு பெறும் அண்ணன்மார், அக்காமார் இந்த ஒரு வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

131,000-க்கு வீடு எங்கே கிடைக்கும்?

ஏலத்தில். தவணை கட்ட முடியாமல் போன வீடுகளை வங்கி ஏலத்துக்குக் கொண்டுவரும். முதல் தடவை போகாவிட்டால் அடுத்த தடவை குறைந்தபட்ச விலையை, பெரும்பாலும் பத்து சதவீதம் வரை, இறக்குவார்கள். இரண்டு மூன்று தடவை போகாத பழைய ஒரு மாடி வீடு அந்த விலைக்கு வர வாய்ப்புண்டு. 130,000-க்குக் கிடைத்தால் கணக்கு இப்படி மாறும்: கடன் 117,000, தவணை 558. வருடத் தவணை 6,696, செலவு 1,500. வாடகையால் வகுத்தால் 91 சதவீதம். 92-க்குள் வந்துவிட்டது, மயிரிழையில்தான் என்றாலும்.

ஆனால் ஏல வீட்டை இருந்தபடியே வாங்க வேண்டும். உள்ளே போய்ப் பார்க்க முடியாது. குழாய், சிங்க், கதவு எல்லாம் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழுதுபார்க்க 15,000 அல்ல, 25,000 போட்டேன். பழைய உரிமையாளரோ வாடகைக்காரரோ உள்ளே இருந்தால் அவரை வெளியேற்றும் பொறுப்பு வாங்கியவர் தலையில். பூட்டை மாற்றிவிட்டுச் சாமானைத் தெருவில் வைக்க முடியாது. குடியிருப்பவரைச் சட்டப்படி வெளியேற்ற நீதிமன்ற உத்தரவு வேண்டும். அதற்கு மாதக்கணக்காகும், அதுவரை தவணை ஓடும். முன்வைப்புத் தொகையை வங்கி டிராப்ட்டாகக் கொண்டுபோக வேண்டும், பெரும்பாலும் பத்து சதவீதம். மீதியைக் குறித்த கெடுவுக்குள் கட்டத் தவறினால் அது போய்விடும். ஏல வகையைப் பொறுத்துக் கெடு 90 நாளாகவோ 120 நாளாகவோ இருக்கும். ஆகவே ஏலத்துக்குப் போகும் முன்பே எவ்வளவு கடன் கிடைக்கும் என்று வங்கியில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பிறகு பக்கத்து வீட்டுக்காரரோடு நின்று பேசுங்கள். யார் உள்ளே இருக்கிறார், மழைக்குத் தண்ணீர் ஏறுமா என்பதை அவர்தான் சொல்வார், ஏல அறிவிப்பு சொல்லாது.

கெடாவில் மலாய் ஒதுக்கீட்டு நிலம் நிறைய உண்டு. அதை நம்மவர் பெயருக்கு மாற்ற முடியாது. விலை மலிவாகத் தெரிந்தால் முதலில் கிரானை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, பாருங்கள். முன்பணம் கொடுத்த பிறகு பார்ப்பதில் பலனில்லை.

தொழிலாளர் விடுதியாக விட்டால்?

இது இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது. அதே பழைய வீட்டை வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக ஏஜென்சிக்கு விட்டால் 1,200 தருவார்கள் என்று வைப்போம். செலவு 3,500-க்கு ஏறும். நிகர வருமானம் 180,000 விலையிலேயே 4.75 சதவீதமாகக் குதிக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் முடிந்து ஆறு மாதம் காலியாகக் கிடந்தால் 1.8 சதவீதத்துக்கு விழும். சாதாரணக் குடும்பம் போனால் இன்னொரு குடும்பம் வரும். ஏஜென்சி போனால் மொத்தமாகப் போகும்.

சட்டமும் இருக்கிறது. 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம், 446-ஆம் எண் சட்டம் என்பார்கள், 2019-ல் திருத்தப்பட்ட பிறகு முதலாளி தொழிலாளர் துறையிடம் தங்குமிடச் சான்றிதழ் பெற வேண்டும். ஒருவருக்கு இவ்வளவு இடம், இத்தனை பேருக்கு ஒரு கழிவறை என்று அளவு உண்டு. மூன்று அறை வீட்டில் இருபது பேரை அடைக்கும் கணக்கில் வரும் வாடகை நிற்காது. நிற்கவும் கூடாது. நம் தாத்தா பாட்டி லயத்தில் பட்ட பாட்டை இன்னொரு நாட்டு ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து அதில் வருமானம் பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை. அளவுப்படி ஆட்களை வைத்து, ஒழுங்காகச் சான்றிதழ் வாங்கும் நிறுவனம் கேட்டால் கொடுக்கலாம். வாங்கும் முடிவை மட்டும் 750 வெள்ளி வாடகையை வைத்தே எடுங்கள்.

செம்பனை

மண் மேல் நமக்கு இருக்கும் ஆசைக்குக் காரணம் இருக்கிறது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது எத்தனை குடும்பங்கள் வேலையும் கூரையும் இழந்தன! அதைப் பார்த்துத்தான் துன் சம்பந்தன் 1960-ல் தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். கணக்கையும் பார்ப்போம்.

காய்க்கும் பருவத்து மரம், ஏக்கருக்கு வருடம் 7 டன் குலை என்றால் இரண்டு ஏக்கரில் 14 டன். டன் 700 வெள்ளி என்றால் 9,800. வெட்டுக்கூலி, லோரி, உரம், களை, வரி எல்லாம் சேர்ந்து 4,500. மிச்சம் 5,300. இறங்கிய தொகை 155,000. வருமானம் 3.4 சதவீதம், பழைய வீட்டுக்குச் சமம். ஆனால் குலை டன் 450-க்கு இறங்கினால் 1.2 சதவீதம், 900-க்கு ஏறினால் 5.2. இந்த ஏற்ற இறக்கம் கற்பனை இல்லை. கச்சா செம்பனை எண்ணெய் 2018 கடைசியில் டன் 2,000 வெள்ளிக்கும் கீழே போனது, 2022 தொடக்கத்தில் 7,000-ஐத் தாண்டியது. வீட்டு வாடகை இப்படி ஆடாது. குலை விற்க மலேசிய செம்பனை எண்ணெய் வாரிய உரிமம் வேண்டும். மரத்துக்கு இருபத்தைந்து வயது நெருங்கினால் மறுநடவு செய்து சுமார் மூன்று வருடம் வருமானமின்றி இருக்க வேண்டும். நிலத்துக்கு வங்கி வீட்டுக்குத் தருவதுபோல 90 சதவீதம் தராது. சனிக்கிழமை தானே இறங்கி உரம் போடும் ஆளுக்கு, கடன் இல்லாமல் வாங்க முடிந்தால், இது நல்லது. ஷிப்ட் வேலை பார்க்கும் என் அக்கா மகனுக்கு இல்லை.

தோட்டத்தைப் பங்கு போட்டு "ஒரு லாட் உங்களுக்கு" என்று விற்பவர்களிடம் தனிக் கிரான் கேளுங்கள். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பிரிக்க அரசு அனுமதி வேண்டும். வெறும் ஒப்பந்தக் காகிதத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

சேமநிதி

இதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. ஊழியர் சேமநிதி 2022-க்கு 5.35, 2023-க்கு 5.50, 2024-க்கு 6.30 சதவீத ஈவு கொடுத்தது. கூரை ஒழுகாது, வாடகைக்காரர் ஓடமாட்டார். வருடத்துக்கு 100,000 வெள்ளி வரை நாமாகவே போடலாம். 70,000-க்கு 5.5 சதவீதம் என்றால் முதல் வருடமே 3,850. மேலே பார்த்த எந்த நிகர வருமானமும் இதை எட்டவில்லை. குறையும் உண்டு. போட்ட பணத்தில் 75 சதவீதம் ஓய்வுக்காலக் கணக்கில் போய்விடும், ஐம்பத்தைந்து வரை தொட முடியாது. வங்கிக் காசில் சொத்து வளர்வது போன்ற வசதியும் இதில் இல்லை.

அவனிடம் நான் சொன்னது இதுதான். புது வீடு வேண்டாம். பழைய வீட்டை 180,000-க்கு வாங்க வேண்டாம், உரிமையாளர் 150,000-க்கு இறங்கினால் திரும்பக் கணக்குப் போடலாம், ஏனென்றால் அப்போது முன்பணத்தை 32,000-க்குக் கூட்டினால் 92-க்குள் வரும். ஏலத்தில் 130,000 வரை கேள், அதற்கு மேல் ஒருவர் கையைத் தூக்கினால் நீ இறக்கிவிடு. முன்பணம் 13,000, பத்திரச் செலவு சுமார் 8,500, பழுது 25,000 போனாலும் 23,500 மிஞ்சும். ஆள் வெளியேறத் தாமதமானால், ஓவர்டைம் நின்றால், அதுதான் தாங்கும். அதில் கை வைக்காதே. சரியான வீடு வரும்வரை பணத்தில் பாதியைச் சேமநிதியில் போடலாமா என்று கேட்டான். இரண்டு வருடத்தில் வாங்க நினைக்கும் பணத்தை அங்கே பூட்ட வேண்டாம், நிரந்தர வைப்பில் வை என்றேன். இனி மேல் மாதம் மிஞ்சும் சம்பளத்திலிருந்து சேமநிதிக்குப் போகட்டும்.

அவன் மனைவிக்கு இன்னும் புது வீட்டின் மேல்தான் கண். குடியிருக்க வாங்குவதாக இருந்தால் அது வேறு கணக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அம்மா வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அதில் சேரும். வாடகைக்கு விட என்றால் மாதம் 725 வெள்ளியை எங்கிருந்து எடுப்பீர்கள் என்று இருவரும் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.